48 கொக்கு, 6 ஷீட், ஒரு கட்டர்

குளத்தைச் சுற்றி நடந்து பறவை பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றுக்கு வழிகாட்டிப் பலகைகள் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். புல்தரையில் குத்தி நிறுத்துகிற மாதிரி, மொத்தம் 48. செவ்வகப் பலகை என்றால் ஒரு மதியத்தில் வெட்டி அடுக்கிவிடலாம். அவர்கள் கேட்டது கொக்கு. கையோடு ஓவியமும் கொண்டுவந்திருந்தார்கள்: 30 அங்குல உயரம், 18 அங்குல அகலம், நெடுங்கழுத்து, முன்னால் நேராக நீட்டிய அலகு. எங்கள் பட்டறையில் கணினி வெட்டு இயந்திரம் கிடையாது. பத்து நாள்தான் இருக்கிறது என்றார்கள். சரி, கையாலேயே வெட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் நெளி பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டிய 8 கொக்குகளில் 5 வீண். கத்தி வழுக்கவில்லை, அளவும் தப்பவில்லை. ஒவ்வொரு வெட்டும் சுத்தமாகத்தான் இருந்தது. ஷீட்டின் மேல் கொக்கை எந்தப் பக்கம் பார்த்துப் படுக்கவைத்தேன் என்பதில்தான் கோட்டைவிட்டேன். அந்தத் தவறும், அதைச் சரிசெய்யப் போய் ஓவியத்தையே திருத்தியதும்தான் இந்த வேலையில் எழுதத் தகுந்த பகுதி. மற்றது பெரும்பாலும் கைப்பழக்கம்.

குழலின் திசை

நெளி பிளாஸ்டிக் ஷீட்டுக்கு ஊருக்கு ஒரு பெயர். கோரோபிளாஸ்ட், கோரெக்ஸ், கார்ஃப்ளூட், சன்பேக் என்று கம்பெனிப் பெயர்களே பொருளின் பெயராகிவிட்டன. எல்லாம் பாலிபுரோப்பிலீன்தான். மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நடுவில் வரிசையாக நிற்கும் மெல்லிய தடுப்புகள். தடுப்புக்கும் தடுப்புக்கும் நடுவில் ஷீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் குழல். நாங்கள் எடுத்தது 4 மி.மீ. கனம், 8 அடிக்கு 4 அடி, வெள்ளை. குழல்கள் 8 அடி நீளவாக்கில் ஓடின. கொக்கும் வெள்ளை, ஷீட்டும் வெள்ளை என்பதால் உடம்புக்குப் பெயின்ட் வேலை மிச்சம்.

இந்தக் குழல் என்ன செய்யும் என்று தெரிய ஓரத்துண்டில் இரண்டு பட்டை வெட்டினால் போதும். இரண்டும் ஒரு அடி நீளம், 2 அங்குல அகலம். ஒன்றில் குழல் நீளவாக்கில், இன்னொன்றில் குறுக்கே. முதல் பட்டையின் ஒரு முனையைப் பிடித்துக் கிடையாக நீட்டினால் ஸ்கேல் மாதிரி நிற்கும். இரண்டாவது பட்டை நீட்டிய மாத்திரத்தில் தொய்யும். கொஞ்சம் அழுத்தினால் இரண்டு தடுப்புகளுக்கு நடுவே சட்டென்று மடியும். பாலிபுரோப்பிலீன் அப்படி மடிந்தால் உடையாது. ஷாம்பு பாட்டில் மூடியை எத்தனை முறை திறந்து மூடினாலும் அந்த மெல்லிய கீல் அறுந்துபோகாமல் இருப்பது இந்தக் குணத்தால்தான். மூடிக்கு அது வரம், பலகைக்குச் சாபம். ஒருமுறை மடிந்த இடம் அப்புறம் எப்போதும் கீல்தான்.

தாங்கும் கம்பியும் குழலுக்குள்தான் நுழைய வேண்டும். எச் எழுத்து போல வளைத்துப் பற்றவைத்த கம்பி அது. இரண்டு நெடுங்கம்பிகள் 10 அங்குல இடைவெளியில் இருக்கும். கீழ்முனைகள் மண்ணுக்குள் போகும், மேல்முனைகள் பலகையின் அடியில் திறந்திருக்கும் குழல்களுக்குள் ஏறும். பலகை நிற்கும்போது குழல் செங்குத்தாக இருந்தால்தான் இது நடக்கும். கொக்குக்கு இதில் ஒரு வசதியும் இருந்தது: கம்பி இரண்டும் காலாகிவிடும். சற்று அகட்டி நிற்கிற கொக்கு, அவ்வளவுதான்.

இவ்வளவும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பல வருஷமாகச் செவ்வகப் பலகைகளுக்கு இதே ஷீட்டை வெட்டியிருக்கிறேன். ஆனால் ஷீட்டைத் தரையில் விரித்ததும் மனசு மிச்சக் கணக்குக்குப் போய்விட்டது. 48 அங்குல அகலத்தில் 18 அங்குலக் கொக்குகளை நிமிர்த்தி வைத்தால் இரண்டு பத்திதான் கொள்ளும், 12 அங்குலம் சும்மா போகும். 96 அங்குல நீளத்தில் மூன்று மூன்றாக, ஷீட்டுக்கு 6. ஒரு பத்தியை நிமிர்த்தியும் அடுத்த பத்தியைப் படுக்கவைத்தும் போட்டால் 18-உம் 30-உம் சேர்ந்து கச்சிதமாக 48. நிமிர்ந்த பத்தியில் 3, படுத்த பத்தியில் 5, ஆக 8. எட்டு ஷீட்டுக்குப் பதில் ஆறே ஷீட்டில் வேலை முடியும். காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டையும் வெட்டி முடித்தபின் உதவிக்கு இருந்த தம்பி கம்பியைப் பொருத்திப் பார்த்தான். முதல் மூன்றும் நின்றன. நான்காவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்கு ஓட்டையே இல்லையே" என்றான். கொக்கின் வயிற்று ஓரத்தில் குழல் வாய்க்குப் பதிலாக ஒரு தடுப்பின் பக்கவாட்டு முகம். ஐந்தும் அப்படித்தான். கையில் பிடித்து ஆட்டினால் கழுத்து முன்னும் பின்னும் தலையாட்டியது.

நின்ற மூன்றையும் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. அவற்றில் கழுத்து நிமிர்ந்து நின்றது, ஆனால் அலகு ஆடியது. 5 அங்குலம் கிடையாக நீண்ட அலகில், செங்குத்துக் குழல்கள் குட்டிக் குட்டித் துண்டுகளாகத்தான் இருக்கும். அலகின் அடியில் ஒரு தடுப்பை ஒட்டி மடிந்தால் தீர்ந்தது. மேசையிலிருந்து எடுக்கும்போதே ஒன்றில் மடிப்பு விழுந்துவிட்டது. கம்பிக்காகக் குழல் செங்குத்தாக இருந்தே ஆக வேண்டும், அப்படி இருந்தால் இந்த அலகு நிற்காது. ஓவியத்தை அப்படியே வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதோ ஒரு உறுப்பு தொங்கும்.

மூக்கைக் குறைத்தது

கேட்டவர்களிடம் போய் இரண்டு பட்டைகளையும் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொன்னேன். வாயால் விளக்கியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். கொக்கு தண்ணீரைக் குனிந்து பார்க்கிற மாதிரி அலகைச் சரிவாகக் கீழே இறக்கலாம், 5 அங்குலத்தை 3 ஆக்கலாம், அடியைத் தடிமனாக்கலாம் என்று பென்சிலால் போட்டுக் காட்டினேன். சரிவாக இறக்கினால் குழல்கள் அலகுக்குள் சாய்வாக ஓடும், ஒவ்வொன்றும் கொஞ்சம் நீளமாகும், ஒரே தடுப்பில் மடிவது குறையும். கழுத்தையும் மிகக் குறுகிய இடத்தில் 2 அங்குலத்துக்குக் குறையாமல் வைத்தோம். மீன் பார்க்கிற கொக்கு இன்னும் கொக்கு மாதிரி இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று வந்தது. அலகு குறைந்ததால் மொத்த அகலம் 18-லிருந்து 15¾ அங்குலமானது. மூன்று பத்திகளும் நிமிர்ந்தபடியே 48 அங்குலத்துக்குள் அடங்கின. ரம்பம் மாதிரி கத்தி பொருளைத் தின்னாது என்பதால் நடுவில் இடைவெளி விட வேண்டியதில்லை. ஷீட்டுக்கு 9. வீணான ஐந்தை ஓரம் கட்டிவிட்டு, முதல் மூன்றின் அலகையும் புதிய கோட்டுக்கு வெட்டிவிட்டால் 3 கையிருப்பு. மிச்சம் 45 கொக்கு, சரியாக 5 ஷீட். எல்லாம் சேர்ந்து ஆறே ஷீட். முதல் நாள் போட்ட கெட்டிக்காரக் கணக்கின் அதே எண்ணிக்கை, ஆனால் ஒரு கொக்குகூட உபரி கிடையாது. மூன்று பழைய கொக்குகளுக்கு மூக்கறுத்தபோது எனக்கும் சேர்த்து அறுத்த மாதிரிதான் இருந்தது.

வெட்டு

3 மி.மீ. ஹார்ட்போர்டில் ஒரு கொக்கை வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து அச்சாக வைத்துக்கொண்டோம். முதலில் அதன் ஓரத்தை ஒட்டியே கட்டரை ஓட்டினேன். மூன்றாவது கொக்கில் ப்ளேடு அச்சின் முதுகைக் கொஞ்சம் சீவிவிட்டது. பிறகு வந்த நான்காவது, ஐந்தாவது கொக்குகளுக்கும் முதுகில் அதே பள்ளம். அதோடு நிறுத்தி, அச்சை மார்க்கரால் கோடு போட மட்டும் வைத்துக்கொண்டு, கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே வெறுங்கையால் வெட்ட ஆரம்பித்தோம். அப்படி வெட்டினால் மை குப்பைத் துண்டோடு போய்விடும், கொக்கின் ஓரத்தில் அழுக்கு நிற்காது.

கட்டர் 9 மி.மீ. அகலமுள்ளது, ப்ளேடு 30 டிகிரி கூர்முனை. வளைவுக்கு இந்தச் சன்ன முனைதான் தோது. பெட்டிகள் கிழிக்கும் 18 மி.மீ. ப்ளேடு நேர்க்கோட்டுக்கு நல்லது, வளைவில் பிடிவாதம் பிடிக்கும். முனையை உடைத்து எறிந்து புது முனையை நகர்த்துகிற இந்தக் கட்டரை 1956-இல் ஜப்பானில் ஒகாடா யோஷியோ உருவாக்கினார். உடைந்த கண்ணாடியின் ஓரமும் பாளம் பாளமாக உடைக்கிற சாக்லேட்டும் அவருக்கு யோசனை கொடுத்ததாக அந்தக் கட்டரை விற்கும் ஓல்ஃபா கம்பெனி சொல்கிறது. எங்களில் பலர் அந்தப் பாளத்தை உடைக்கத்தான் மனசு வராமல் மழுங்கிய முனையோடு மல்லுக்கட்டுகிறோம். இந்த வேலையில் மூன்று கொக்குக்கு ஒரு முனை என்று வைத்துக்கொண்டோம். மழுங்கிய ப்ளேடு மேல்தோலை அறுப்பதற்கு முன் அழுத்தும். தடுப்புகள் சாய்ந்து குழல் நசுங்கும். முதுகில் நசுங்கினால் பார்வைக்குத்தான் கேடு. வயிற்றோரத்தில் நசுங்கினால் கம்பி நுழையும் வாய் மூடிக்கொள்ளும். கம்பியின் கனமே சுமார் 3.7 மி.மீ., திறந்த குழலிலேயே இறுக்கமாகத்தான் போகும்.

ஒரே அழுத்தில் மூன்றடுக்கையும் அறுக்க முயலக் கூடாது. முதல் ஓட்டத்தில் மேல்தோல் மட்டும், விரலால் கோடு கிழிக்கிற பலத்தில். இரண்டாவதில் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பும் ‘டிக் டிக்’ என்று கைக்குத் தெரியும். மூன்றாவதில் கீழ்த்தோல். முதல் ஓட்டம் போட்ட பள்ளம் மற்ற இரண்டுக்கும் தடமாகிவிடும். ப்ளேடை 10 மி.மீ. அளவுக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது. நீண்டால் அது வளையும், மேல்தோலில் ஒரு கொக்கும் கீழ்த்தோலில் சற்றுப் பெரிய கொக்கும் வெட்டுப்படும். வளைவில் மணிக்கட்டைத் திருப்புவதைவிட ஷீட்டைத் திருப்புவது நல்லது. அதற்காக ஷீட்டை முதலிலேயே 30-க்கு 16 கட்டங்களாகப் பிரித்துவிட்டோம். 8 அடி ஷீட்டை யார் சுற்றிக்கொண்டிருப்பது?

அலகும் கழுத்தும் சேரும் உள்மூலைதான் தொல்லை. அங்கே இரண்டு வெட்டுகளும் ஒன்றையொன்று ஒரு நூல் தாண்டினால்கூட அந்தக் கீறலிலிருந்து கிழிசல் ஆரம்பிக்கும். 12 மி.மீ. வட்டத் துளை போடும் உளியை (பஞ்ச்), அடியில் மரக்கட்டை கொடுத்து மேலே வைத்து ஒரே அடியில் முதலில் துளை போட்டுவிட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டைத் துளையில் கொண்டுபோய் முடித்தோம். மூலை வட்டமாக இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

அடியில் எதை விரிப்பது என்பதிலும் ஒரு பாடம் படித்தேன். வீணான கொக்குகள் இருக்கின்றனவே என்று அதில் ஒன்றை விரித்து வெட்டினேன். ப்ளேடின் முனை கீழே இருந்த ஷீட்டின் குழலில் இறங்கி, மேலே இருக்கிற கோட்டை விட்டுவிட்டு அந்தக் குழல் வழியே கையை இழுத்தது. விரிப்பைக் குறுக்கே திருப்பிப் போட்டதும் இழுப்பு நின்றது. பிறகு ரப்பர் பாய்க்கே மாறிவிட்டோம்.

அதே இழுப்பு மேல் ஷீட்டிலும் உண்டு, அதுதான் ஒரு கொக்கைத் தின்றது. குழலுக்கு நேர்குறுக்கே வெட்டுவது சுலபம், குழல் வழியே வெட்டுவது அதைவிடச் சுலபம். குழலுக்குக் கிட்டத்தட்ட இணையாக, ஆனால் முழுக்க இணையில்லாமல் போகிற கோடுதான் எமன். ப்ளேடு குழலுக்குள் விழுந்ததும் அது போகிற வழியிலேயே நேராகப் போகப் பார்க்கும். கொக்கின் கழுத்து முழுக்க அப்படிப்பட்ட கோடுதான். 31-ஆவது கொக்கில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெட்டினேன். கழுத்தின் குறுகலான இடத்தில் ப்ளேடு குழலைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, கழுத்து பாதியாகிவிட்டது. அதற்குப் பிறகு கழுத்துக்கு மட்டும் வளையும் ஸ்கேலை வைத்தோம், அதுவும் கொக்கின் பக்கம் வைத்தோம். வழுக்கினால் குப்பைப் பக்கம்தான் வழுக்கும். கழுத்தை வெட்டும்போது பிடித்திருக்கும் கை எப்போதும் ப்ளேடு வருகிற பாதைக்குப் பின்னால் இருக்க வேண்டும். வெட்டுத் தாங்கும் கையுறை அந்தக் கைக்குத்தான் முதலில் தேவை.

ஒரு கொக்குக்கு ஆரம்பத்தில் 14 நிமிடம் பிடித்தது. கை பழகியபின் 9.

இயந்திரத்தைத் தொட்டே பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். ஜிக்சா என்கிற மின்ரம்பத்தின் பல் மேல்தோலைக் கவ்வி ஷீட்டையே படபடக்க வைத்தது. வேகத்தைக் கூட்டினால் உராய்வுச் சூட்டில் துருவல் உருகி வெட்டின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டது. பாலிபுரோப்பிலீன் உருக 160 டிகிரி செல்சியஸ் சூடு போதும். சூட்டுக்கத்தி வழவழவென்று வெட்டும், ஆனால் போகிற வழியெல்லாம் குழல் வாயை உருக்கி அடைத்துவிடும். மழை இறங்கக் கூடாத முதுகுக்கு நல்லது, கம்பி நுழைய வேண்டிய வயிற்றுக்கு ஆகாது, புகையும் வேறு. லேசர் யோசனை சொன்னவர்களிடம் குழல்கள் புகைபோக்கி மாதிரி காற்றிழுத்துத் தீயை ஊட்டும் என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

கண்ணும் எழுத்தும்

கண், மஞ்சள் அலகு, அம்புக்குறி, நிறுத்தத்தின் எண் எல்லாம் வினைல் ஸ்டிக்கர். பாலிபுரோப்பிலீன் மேல் எதுவும் லேசில் ஒட்டாது. அதனால்தான் அச்சுக்கு வரும் ஷீட்டின் மேற்பரப்பைத் தொழிற்சாலையில் மின்பொறியால் ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவந்து அனுப்புகிறார்கள், கொரோனா பதம் என்று அதற்குப் பெயர். நாளாக ஆக அந்தப் பதம் மங்கும். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தேய்த்துப் பார்த்தால் தெரியும்: பரவி நின்றால் நல்லது, உடனே முத்தாகத் திரண்டால் பதம் போய்விட்டது. எங்கள் ஷீட்டில் பரவி நின்றது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு ஒட்டினோம். வெட்டும் முன்பே ஒட்டினால் ப்ளேடில் பசை ஏறும் என்பதால் வெட்டு முடிந்தபிறகுதான் இதைத் தொட்டோம். அலகின் இரண்டு பக்கமும் வினைல் ஒட்டியதில் அதற்குக் கொஞ்சம் விறைப்பும் கூடியது. இதை முன்கூட்டி யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான்.

தரையில்

நிறுத்தும்போது கம்பியைப் பலகையோடு சேர்த்து அழுத்தக் கூடாது. குறுக்குக் கம்பியில் காலை வைத்து முதலில் மண்ணில் இறக்கி, பிறகு கொக்கை மேலே செருக வேண்டும். வாய் நசுங்கிய குழல்களை ஒரு ஆணியால் திறந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் ராத்திரி நல்ல காற்று. பொதுவாகச் சொன்னால், மணிக்கு 54 கி.மீ. காற்றில் 30-க்கு 18 அங்குலச் செவ்வகப் பலகை மேல் ஏறத்தாழ 6 கிலோ எடையின் தள்ளு விழும். வேகம் இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்கு. கொக்கின் பரப்பு அந்தச் செவ்வகத்தில் பாதிதான், அதனால் தள்ளும் பாதி. வெட்டிய வடிவம் அழகுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், காற்றிலும் அது காசு கொடுத்தது. காலையில் போய்ப் பார்த்தபோது நான்கு கொக்குகள் சாய்ந்திருந்தன. நான்கும் கரையோர ஈரமண்ணில் நின்றவை. கம்பியை அரையடி தள்ளிக் கெட்டித் தரையில் குத்தியதும் நிமிர்ந்தன. அலகு ஒன்றும் மடியவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் நிற்க வேண்டியவை என்றால் முதுகோரத்துக் குழல்களை ஒளிபுகும் டேப்பால் மூடி, அடியைத் திறந்தே விட்டிருப்பேன். அடியையும் மூடினால் உள்ளே தங்கும் ஈரத்தில் பாசி பிடிக்கும். வருஷக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டுமென்றால் புற ஊதாக் கதிர் தாங்கும் கலவை சேர்த்த ஷீட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். சாதா பாலிபுரோப்பிலீன் வெயிலில் நொறுங்கத் தொடங்கும். இது ஒரு வாரத்து நிகழ்ச்சி, இரண்டும் தேவைப்படவில்லை.

31-ஆவது கொக்கு வீணானதில் ஒன்று குறைந்ததே, 48-ஆவது கொக்குக்கு வழி? ஓரம் கட்டிய ஐந்தில் ஒன்றை எடுத்து, கம்பிக்குப் பதிலாக ஒரு மரக்குச்சியில் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினோம். குழல் படுக்கையாக ஓடுவதால் அதன் பழைய நீள அலகு விறைப்பாக நின்றது, கழுத்துதான் காற்றடித்தால் குனிந்து குனிந்து நிமிர்ந்தது. கடைசி நிறுத்தத்தில் வைத்தோம். திரும்ப எடுத்துவந்தபோது கழுத்தின் நடுவில் ஒரு நேர்க்கோட்டு மடிப்பு. கையால் நிமிர்த்தினால் நிற்கிறது, விட்டால் குனிகிறது. பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். யாராவது புது வடிவ ஓவியத்தோடு வந்தால் முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.